கடைசி நாய்க்கும் வெந்நீர்

என் அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக். நகரத்தில் உயரமான கட்டடம் எதைக் காட்டினாலும், "அது நம்ம லிப்டு, மாப்ள" என்பார். கட்டடம் யாருடையது, உள்ளே என்ன நடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. மேலே போனது கீழே வந்து சேர்ந்தால் அவருக்கு உலகம் ஒழுங்காக இருக்கிறது.

வீட்டிலும் மனிதர் லிப்டுக்குள்தான் வாழ்ந்தார். அழைப்பு மணியை யாராவது இரண்டு முறை அடித்துவிட்டால் போதும், உள்ளேயிருந்தே சத்தம் போடுவார்: "ஒரு தடவை அமுக்கினா போதும்! ரெண்டு தடவை அமுக்கினா சீக்கிரம் வந்துடுமா?" எங்கள் இரு பக்கச் சொந்தத்திலும் கல்லூரிக்குப் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் நான். கிராமத்திலிருந்து வந்து இந்த வீட்டில் தங்கித்தான் வேதியியல் படித்தேன். பட்டம் வாங்கிய அன்று, லிப்டுக்குள் ஒட்டுகிற பளபளப்பான எஃகுத் தகட்டில் என் பெயரையும் பட்டத்தையும் பொறித்து வாசலில் மாட்டினார் மாமா. வீடு அவருடையது. அவர் பெயர் இன்றுவரை வாசலில் இல்லை.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்தவன்தான் லிப்டில் முதலில் ஏற வேண்டும். கம்பெனி சட்டமா, அவரே வைத்துக்கொண்டதா, தெரியாது. "நான் ஏறாத லிப்டுல இன்னொருத்தரை ஏத்த மாட்டேன்" என்பார். அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நாற்காலிக்குக் கால் ஒட்டினால் முதலில் அவர்தான் உட்காருவார். அடுப்பைச் சரிசெய்தால் முதல் டீ அவருக்கு. வாட்டர் ஹீட்டரில் கை வைத்தால் முதல் குளியலும் அவருக்கே.

அந்த ஹீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இடிக்கப்போகும் பழைய ஓட்டல் ஒன்றில் லிப்டைக் கழற்றப் போன மாமா, கண்டதும் காதல்வயப்பட்டுத் தூக்கிவந்தது அது. பின்கட்டுக் குளியலறைச் சுவரில், தலைக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கிற பெரிய உருளை. வீட்டில் அதற்குப் பெயர் 'பெரியவர்'. மாமா அதற்கு ஹீட்டிங் காயில் மாற்றியிருக்கிறார், தெர்மோஸ்டாட் மாற்றியிருக்கிறார், வாஷர்கள் மாற்றியிருக்கிறார், துருப்பிடித்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் சிவப்பு பிளாஸ்டிக் வாளியில் ஒரே ஒரு வாளி பிடித்துக் குளித்துவிட்டு, துண்டோடு கூடத்துக்கு வந்து, "பெரியவர் இன்னும் பத்து வருஷம் ஓடுவாரு!" என்று அறிவிப்பார்.

"எனக்குத் தலைவலின்னா ஒரு மாத்திரை வாங்கித் தர மாட்டாரு. பெரியவருக்குன்னா உயிரை விடுவாரு" என்பாள் அக்கா.

அக்காவுக்கு அந்த ஹீட்டர் வெறும் குளிக்கிற விஷயம் அல்ல, தொழில். ஒரு நாள் எதிர்வீட்டு நாய் சாக்கடையில் விழுந்து, சொந்தக்காரர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, அக்கா பாவம் பார்த்துக் குளிப்பாட்டிவிட்டாள். நாய் மினுமினுவென்று தெருவில் நடந்ததைப் பார்த்து அடுத்த வீட்டார் வந்தார்கள், அவர்கள் சொல்லி அடுத்த தெரு வந்தது. பின்கட்டுக் குளியலறையில் நாய்க்குத் தோதாக ஒரு மேடை கட்டிக்கொண்டாள். இப்போது அவள் 'ஷாம்பு அக்கா'. ஆனாலும் மதியத்துக்கு மேல் எழுதுபொருள் கடைக் கல்லாவில்தான் நிற்கிறாள். நிற்கிறாள் என்று சும்மா சொல்லவில்லை. ஸ்டூல் போட்டால் தூக்கம் வந்துவிடும் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. ராத்திரி அவள் கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருக்கும்.

அந்தக் கடையை விட ஒரு வழி வந்தது. வெளியூர் போகிறவர்கள் நாயை விட்டுப் போகும் விடுதி ஒன்றை நடத்தும் அம்மாள் அக்காவைத் தேடி வந்தார். நாங்கள் அவரை ஹாஸ்டல் அம்மா என்போம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், வார்த்தைகள் அளந்து.

"ஞாயித்துக்கிழமை காலைல என் நாய்ங்களை வேன்ல அனுப்புறேன். எல்லாம் இதமான தண்ணில குளிச்சு, காய்ஞ்சு, நடுங்காம திரும்பணும். முன்னாடி ஒருத்தன் கடைசி நாய்ங்களைப் பச்சத்தண்ணில முக்கி அனுப்பினான். வயசான நாய் ஒண்ணு படுத்துடுச்சு. அதனால நான் முதல் நாயைப் பாக்க மாட்டேன், கடைசி நாயைத்தான் பாப்பேன். சரியா இருந்தா வருஷம் முழுக்க உங்களுக்குத்தான்."

அக்கா தலையாட்டின வேகத்தில் கொண்டை அவிழ்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை. பஞ்சுப்பொதி மாதிரி வெள்ளை நாய் ஒன்றைக் குளிப்பாட்டி, துவட்டி, உலர்த்தி வைத்திருந்தாள் அக்கா. சொந்தக்காரி பல் டாக்டர். அந்த அம்மா நாயை வெயிலில் தூக்கிப் பிடித்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார்.

"ஏம்மா, நான் நாள் முழுக்க மஞ்சளை வெள்ளையாக்குறவ. நீ வெள்ளையை மஞ்சளாக்கிக் குடுத்திருக்கியே!"

நிஜம்தான். நாய் லேசான டீ நிறத்தில் இருந்தது. அது தெரியாமல் நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அக்கா மன்னிப்புக் கேட்டு, நாயை அடுத்த வாரம் சும்மா குளிப்பாட்டித் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"புது ஷாம்பு. அதுலதான் ஏதோ கோளாறு."

"ஷாம்பும் இல்ல ஒண்ணும் இல்ல. மண்ணுல புரண்டிருக்கும்" என்றார் மாமா, தினசரியிலிருந்து தலையை எடுக்காமல்.

"உங்க பெரியவரா இருந்தா?"

தினசரி கீழே இறங்கியது. "வாய்க்கு வந்ததைப் பேசாத. போன வாரம்தான் வாஷர் மாத்தி நானே குளிச்சேன். தண்ணி கண்ணாடி!"

உள்ளே பெரியவர் சூடேறும்போதெல்லாம் கூழாங்கல்லை வேக வைப்பது போல லொடலொடவென்று ஒரு சத்தம் கொஞ்ச நாளாகவே வந்துகொண்டிருந்தது. அதற்கு மாமா வைத்த பெயர் 'பேச்சு'. முன்பெல்லாம் ஒரு முறை சூடேறினால் வரிசையாக நாலைந்து நாய்களைக் குளிப்பாட்டுவாள் அக்கா. இப்போது இரண்டாவது நாய்க்கே தண்ணீர் ஆறிவிடுகிறது. "நீ தண்ணியை வாரி இறைக்கிற" என்று அதற்கும் மாமாவிடம் பதில் இருந்தது.

"சண்டை எதுக்கு? சோதிச்சுப் பாத்துடலாம்" என்றேன் நான். ஆய்வுக்கூடத்தில் நின்றவனுக்குக் கை அரிக்காதா? இரண்டு வெள்ளைப் பீங்கான் கோப்பைகளை எடுத்துவந்தேன். ஒன்றில் பச்சைத் தண்ணீர்க் குழாயிலிருந்து, மற்றதில் வெந்நீர்க் குழாயிலிருந்து. இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன்.

இரண்டும் பளிங்கு.

"பாத்தியா! பட்டதாரியே சொல்லியாச்சு!" மாமா என் தோளில் ஓங்கித் தட்டினார். நானும் தீர்ப்பு எழுதிவிட்ட மாதிரிதான் நின்றேன். அக்காதான் நகரவில்லை. வெந்நீர்க் குழாயை மறுபடி திறந்தாள்.

"ஏன் வீணாக்குற?" என்றார் மாமா.

"ஒரு கப் தண்ணிலயா நான் நாய் குளிப்பாட்டுறேன்?"

வாளி நிறைந்தது. கவிழ்த்தாள். மறுபடி பிடித்தாள். சிவப்பு வாளியில் ஒன்றும் தெரியவில்லை என்று அதை எட்டி உதைத்துவிட்டு, நாய்களுக்கான வெள்ளைத் தொட்டியைக் குழாய்க்குக் கீழே இழுத்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியவருக்குள் ஏதோ புரண்டது. முதலில் வைக்கோல் நிறம். அப்புறம் டீ. அப்புறம் துருச் செதில்கள், தொட்டியின் அடியில் தேயிலைத்தூள் மாதிரி வந்து படிந்தன. கூடவே சூடும் குறைந்துகொண்டே வந்தது.

  எனக்கு உள்ளுக்குள் ஒரே துள்ளல். இவ்வளவு கச்சிதமாக ஒரு சோதனை எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில்கூட எனக்கு வந்ததில்லை. பச்சைத் தண்ணீரில் துரு இல்லை, வெந்நீரில் மட்டும் இருக்கிறது. ஆக, கோளாறு தெருக்குழாயில் இல்லை, பெரியவரின் தொட்டிக்குள். அடியில் சுண்ணாம்பு அடை அடையாகப் படிந்து கிடக்கிறது. அதுதான் லொடலொட. தொட்டியில் பாதி கல்லாகிவிட்டால் தண்ணீருக்கு இடம் ஏது? அதுதான் இரண்டாவது நாய்க்கே ஆறிவிடுகிறது. மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தேன்.

மாமா நான் சொன்னதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. வெள்ளைத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட கிறுக்கா! லிப்டுன்னா முதல் ட்ரிப்புலயே தெரிஞ்சுடும். நான் முதல் ட்ரிப்பு போய்ப் போய் இறங்கிட்டேன். இது கடைசி ட்ரிப்புலல்ல காட்டுது!"

ஸ்டூலைப் போட்டு ஏறினார். சுவிட்சை அணைத்துவிட்டு பெரியவரின் அடிமூடியைக் கழற்றினார். டார்ச் அடித்தார். நுழைகிற குழாய் இணைப்பைத் துணியால் துடைத்துப் பார்த்தார், உலர்ந்திருந்தது. வெளியேறுகிற இணைப்பும் உலர்ந்திருந்தது. அழுத்தம் கூடினால் சொட்டுவிடுகிற வால்வும் உலர்ந்திருந்தது. கையைப் பெரியவரின் அடிவயிற்றில், தகட்டின் ஓரங்கள் சேர்கிற தையல் வழியாக ஓட்டினார். விரலைத் திருப்பி எங்களிடம் காட்டினார். செக்கச்செவேல் ஈரம்.

"இணைப்புல ஒழுகினா வாஷர் போடலாம். உடம்பே ஒழுகுது" என்றார் மெதுவாக. அடுத்த நொடியே குரல் நிமிர்ந்தது. "ஒரு வெல்டிங் வெச்சா..."

"என்னங்க, லிப்டு ரோப்புல இழை அறுந்து நின்னா என்ன செய்வீங்க? முடிச்சுப் போடுவீங்களா?"

"யாரு? நானா? முடிச்சா?" மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ரோப்பை மாத்தணும். ஒட்டுப் போட்டவனை உள்ள தள்ளணும்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே எட்டியது. ஸ்டூலின் மேல் நின்றபடி அக்காவைப் பார்த்தார். அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நாளைக்குக் காலைல வேன் வந்துடும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். 

மாமா இறங்கினார். அப்படி அவர் இறங்கி நான் பார்த்ததே இல்லை, தீயணைப்பு வண்டியிலிருந்து குதிக்கிற மாதிரி. "மாப்ள, செருப்பை மாட்டு! இந்தா, நீ எட்டுப்பேருக்குப் போனைப் போடு, செயின் பிளாக்கோட வரச் சொல்லு!"

எட்டுப்பேர் என்பது ஒரே ஆள்தான். மாமாவின் கூட்டாளி. 'எட்டு நபர்கள் மட்டும்' என்று எழுதியிருக்கிற லிப்டில் அவர் ஏறினால் வேறு யாரும் ஏறத் தயங்குவார்கள். அதனால் அந்தப் பெயர்.

ஹீட்டர் கடையில் மாமா மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி நடந்துகொண்டார். ஒவ்வொரு ஹீட்டரையும் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், அடியில் குனிந்து பார்த்தார். கடைக்காரர் பொறுமையாக ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே கண்ணாடிப் பூச்சு. நடுவில் நீளமாக ஒரு கம்பி.

"இது என்ன கம்பி?"

"தொட்டிக்குப் பதிலா இது அரிச்சுப்போகும் சார். இது தேய்ஞ்சதும் மாத்திட்டா தொட்டி தப்பிச்சுக்கும்."

"மெக்னீசியம், மாமா! இரும்பை விட சீக்கிரமா அதுதான் அரியும். அரிப்பைத் தான் வாங்கிக்கிட்டு இரும்பைக் காப்பாத்தும்!" என்றேன். மூன்று வருடம் படித்ததை ஒரு கடையில் கண்ணெதிரே பார்க்கக் கிடைத்த சந்தோஷத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த தம்பதி திரும்பிப் பார்த்தார்கள்.

மாமா வாயைப் பிளந்தார். "பெரியவருக்கும் இது இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும். எப்பவோ கரைஞ்சு போயிருக்கும்."

"காயில் மாத்துனேன், தெர்மோஸ்டாட் மாத்துனேன், பெயின்ட் அடிச்சேன்... இதை ஒருத்தனும் சொல்லலையேடா." அந்தக் கம்பியை அவர் தடவிய விதத்தைப் பார்த்துக் கடைக்காரர் விலையில் கொஞ்சம் தானாகவே குறைத்தார்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது எட்டுப்பேர் வந்து, குளியலறைக் கதவில் 'பழுது நீக்கும் பணி நடைபெறுகிறது' என்ற மஞ்சள் பலகையைத் தொங்கவிட்டிருந்தார். அக்கா கடைக்கு லீவு சொல்லிவிட்டிருந்தாள். தெரு வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. எதிர்வீட்டு நாயும் வந்திருந்தது.

பெரியவரைக் காலி செய்வதே பெரும்பாடாகிவிட்டது. வடிகுழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. அடை அடைத்துக்கொண்டிருந்தது. எட்டுப்பேர் கம்பியை விட்டுக் குத்தினார். குத்தினார். மூன்றாவது குத்தில் சிவப்புச் சேறு பீய்ச்சியடித்து அவர் சட்டை, முகம், மீசை எல்லாவற்றிலும் தெறித்தது.

"அண்ணி! இந்த நாயையும் வரிசைல சேத்துக்குங்க!" என்று கத்தினார் எட்டுப்பேர். தெருவே சிரித்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அக்காவும் சிரித்தாள்.

தண்ணீரெல்லாம் வடிந்த பிறகும் அது அசையவில்லை. உள்ளே அவ்வளவு கல். மாமா மேல் விட்டத்தில், சங்கிலியால் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கை மாட்டி, பெரியவரின் இடுப்பில் பட்டை கட்டினார். அதன் பிறகு நடந்ததை நான் வாய் பிளந்து பார்த்தேன். வீட்டில் தினசரியோடு சுருண்டு கிடக்கிற மனிதர் அல்ல அவர். குரல் மாறிவிட்டது, நிற்கிற நிலை மாறிவிட்டது.

"பாரம் எடுத்தாச்சா?" என்றார் போல்ட்டருகே நின்ற எட்டுப்பேர்.

"எடுத்தாச்சு!" என்றார் சங்கிலியைப் பிடித்திருந்த மாமா.

"போல்ட்டை விடவா?"

"விடு!"

"கீழ!"

"கீழ... கீழ... நில்லு!"

பாரத்தைச் சங்கிலி தாங்கிக்கொண்ட பிறகுதான் சுவர் போல்ட்டை விடுவார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லாமல் ஒரு அங்குலம் நகராது. ஒரு ஓடு உடையாமல், ஒரு குழாய் வளையாமல், பெரியவர் விருந்தாளி மாதிரித் தரையில் இறங்கி அமர்ந்தார். வெளியே கைதட்டல்.

வெளிச்சம் மங்குவதற்குள் புதியது ஏறிவிட்டது. எட்டுப்பேர் சுவிட்சில் கை வைக்கப்போக, நானும் மாமாவும் ஒரே நேரத்தில் கத்தினோம். தொட்டி நிறைந்து குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வந்த பிறகுதான் மின்சாரம், இல்லையென்றால் காயில் கருகிவிடும். நிறைந்தது. போட்டோம். சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. மாமா துண்டைத் தேடினார்.

"எங்க போறீங்க?"

"முதல் குளியல்..."

"ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அக்கா. "காலி ஆகுற வரைக்கும் திறந்து விடுங்க."

வெள்ளைத் தொட்டியை வைத்துத் திறந்துவிட்டோம். நிறைய, கவிழ்க்க, நிறைய, கவிழ்க்க. நாங்கள் நால்வரும் தொட்டியைச் சுற்றிக் குந்திக்கொண்டு சூதாட்டம் பார்ப்பவர்கள் போலத் தண்ணீரைப் பார்த்தோம். கடைசிவரை பளிங்கு.

ஞாயிறு காலை வேன் வந்து கதவு திறந்தது. அக்கா எதிர்பார்த்ததை விட நாய்கள் அதிகம். சிறிசு, பெரிசு, குட்டைக்கால், தொங்கு காது. நான் துவட்டினேன். எட்டுப்பேர் யாரும் கூப்பிடாமலே வந்து உலர்த்தும் மெஷினைப் பிடித்தார். மாமா குழாயடியில் நின்று ஒவ்வொரு நாய்க்கும் விரலை விட்டுப் பார்த்து, "சூடு இருக்கு!" என்று லிப்டில் மாடி அறிவிப்பதைப் போல அறிவித்தார். நடுவில் ஒரு முறை "கொஞ்சம் கம்மி" என்றார். அக்கா உடனே குழாயை மூடிவிட்டு, குட்டை முடி நாய்களை ஒதுக்கி, சோப்பு போட நேரம் எடுக்கிற சடை நாயை மேடையில் ஏற்றினாள். அவள் தேய்த்து முடிப்பதற்குள் தண்ணீர் மறுபடி சூடேறி சிவப்பு விளக்கு அணைந்தது. மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "உங்க அக்கா லிப்டு கம்பெனில இருந்திருக்கணும் மாப்ள."

கடைசி நாய் இறங்க மறுத்தது. வேனுக்குள் அதுதான் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை, மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தோம். கரடி அளவு, நரைத்த வாய், தள்ளாட்டம். முன்பு பச்சைத் தண்ணீரில் குளித்துப் படுத்துவிட்ட கிழட்டு நாய் இதுதான் என்றார் வேன் டிரைவர். குளியலறை வாசலைப் பார்த்ததுமே நடுங்க ஆரம்பித்தது.

சரியாக அந்த நேரத்தில் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஹாஸ்டல் அம்மா யாரையும் பார்க்கவில்லை. சுவரோரம் வந்து நின்றார்.

அக்கா தண்ணீரை நாயின் மேல் விடவில்லை. முதலில் தன் முழங்கையில் விட்டுக்கொண்டாள். அப்புறம் தரையில் ஓடவிட்டாள், அந்தக் கால்கள் இருக்கிற இடத்துக்கு. நாய் ஒரு காலைத் தூக்கியது. வைத்தது. முகர்ந்தது. "வாடா ராஜா, சுடாது, ஜில்லுன்னும் இருக்காது, வா" என்று அக்கா பேசிக்கொண்டே தண்ணீரை மேலே கொண்டுவந்தாள், கணுக்கால், முட்டி, தோள். முதுகுக்கு வந்தபோது நடுக்கம் நின்றிருந்தது. அந்த மலை போன்ற உடம்பு மெதுவாகச் சாய்ந்து, அக்காவின் மேலேயே பாரத்தைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டது.

 மாமாவின் கண் குழாயில் இருந்தது.

ஹாஸ்டல் அம்மா கிட்டே வந்தார். கையை நாயின் சடைக்குள் தோல் வரைக்கும் விட்டார். அப்புறம் குழாய்க்கு அடியில் நீட்டினார். நீட்டியது நீட்டியபடியே இருந்தது.

"இன்னும் சூடு இருக்கே" என்றார்.

"இன்னும் ரெண்டு நாய் கொண்டாங்க!" என்று மாமாவின் வாயிலிருந்து வந்துவிட்டது.

அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "ரெண்டு என்ன? வாரத்துல மூணு நாள் அனுப்புறேன். செவ்வாய்க்கிழமையில இருந்து. முடியுமா?"

அக்காவின் இரண்டு கையும் நாயைத் தாங்கிக்கொண்டிருந்தன. முகமெல்லாம் நுரை. "டேய் தம்பி, என் போனை எடு" என்றாள். "கடை முதலாளி நம்பரைப் போட்டு என் காதுல வை."

போட்டேன். மறுமுனையில் முதலாளி 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள் அக்கா கத்தினாள்: "சார், நாளையில இருந்து நான் வரல சார்! வேற ஆள் பாத்துக்குங்க! அவங்களுக்கு ஒரு ஸ்டூல் போடுங்க!"

அந்த நேரம் பார்த்து கிழட்டு நாய் தலையிலிருந்து வால்வரை உடம்பை உதறியது. ஹாஸ்டல் அம்மா, எட்டுப்பேர், மாமா, நான், என் கையிலிருந்த போன், எல்லோரும் நனைந்தோம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.